பேக் பட்டனை அழுத்தாதீர்கள்

பணம் கட்டும் பக்கத்துக்குப் போனதும் திரையில் ஓர் எச்சரிக்கை வந்து நிற்கும்: பக்கத்தை ரெஃப்ரெஷ் செய்யாதீர்கள், பேக் பட்டனை அழுத்தாதீர்கள். ரயில் டிக்கெட்டோ கல்லூரி விண்ணப்பமோ மின்கட்டணமோ, இந்த வரி மட்டும் தப்பாது. இணையத்தோடு பழகத் தொடங்கிய நாட்களில் நாம் முதலில் கற்றுக்கொண்ட வித்தையே பேக் பட்டன்தான். பக்கம் பிடிக்கவில்லையா, பின்னால் போ. வழி தவறிவிட்டதா, இன்னும் நாலு தட்டு தட்டு. எத்தனை முறை போய் வந்தாலும் எங்கும் எதுவும் கெட்டுப்போகாது. அந்தப் பட்டனையே தொடாதே என்று சொல்லும்படி எப்போது ஆனது? இணையதளமாக இருந்தது இணையச் செயலியாக மாறியபோது.

வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டும் பிரவுசரில் திறக்கும், இரண்டுக்கும் முகவரி உண்டு, பேச்சில் இரண்டையும் ‘வெப்சைட்’ என்றே சொல்கிறோம். ஆனால் ஒன்றில் படித்துவிட்டுப் போகிறோம். நாம் வந்துபோனதால் அங்கே ஒன்றும் மாறுவதில்லை. இன்னொன்றில் ஏதாவது செய்துவிட்டுப் போகிறோம். செய்தது அங்கே பதிவாகி, அடுத்து வருபவர் காண்பதையும் மாற்றிவிடுகிறது. எஸ்6 பெட்டியின் 23ஆம் படுக்கையை நான் எடுத்துவிட்டால், திருநெல்வேலியில் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் இன்னொருவருக்கு அது இல்லை.

ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் 1989 மார்ச்சில் டிம் பெர்னர்ஸ் லீ தன் மேலதிகாரியிடம் ஒரு திட்டத்தை எழுதிக் கொடுத்தபோது, அவருடைய கவலையெல்லாம் ஆவணங்களைப் பற்றியது. பல நாட்டு இயற்பியலாளர்கள் வருவார்கள், சில ஆண்டுகள் இருப்பார்கள், போய்விடுவார்கள். அவர்கள் எழுதி வைத்தவை ஒன்றோடொன்று பேசாத கணினிகளில் சிதறிக் கிடந்தன. ஓர் ஆவணத்திலிருந்து இன்னொன்றுக்கு இணைப்பு வைத்துவிட்டால் எல்லாவற்றையும் எங்கிருந்தும் படிக்கலாம் என்பது அவர் யோசனை. 1991 ஆகஸ்டில் அது ‘வேர்ல்ட் வைட் வெப்’ என்ற பெயரில் வெளியுலகுக்கு அறிமுகமானது. அதற்காக அவர் வகுத்த உரையாடல் முறை மிக எளிது. பிரவுசர் ஒரு பக்கத்தைக் கேட்கும். சர்வர் அதைக் கொடுக்கும். கொடுத்த கையோடு கேட்டவரை மறந்துவிடும். மறுபடி கேட்டால் மறுபடி கொடுக்கும். கேட்பவர் பேராசிரியரா, பள்ளி மாணவரா, ஒரே ஆள் பத்தாவது முறையாகக் கேட்கிறாரா என்று அது பார்ப்பதில்லை. பேக் பட்டனின் சுதந்திரம் முழுக்க இந்த மறதியிலிருந்து வந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். முதலில் எல்லாம் வெறும் படிப்பு, பிறகுதான் செயல் வந்தது என்று கதையை நேர்கோட்டில் சொல்வது வழக்கம். அது அவ்வளவு நேராக இல்லை. பெர்னர்ஸ் லீ எழுதிய முதல் பிரவுசரிலேயே பக்கத்தைத் திருத்தவும் முடியும். மற்றக் கணினிகளுக்குப் பிறர் எழுதிய பிரவுசர்களில்தான் அந்த வசதி உதிர்ந்துபோனது. செர்ன் ஊழியர்களை வலைப்பக்கம் இழுத்ததிலும் கட்டுரைகளைவிட ஆய்வகத்தின் தொலைபேசிப் பட்டியலுக்குத்தான் பங்கு அதிகம். பெரிய கணினியில் இருந்த பட்டியலில் ஒரு பெயரைத் தேடினால் எண் வரும். பக்கம் முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டதல்ல, கேட்கும்போது தயாரானது. செயலியின் விதை அப்போதே விழுந்துவிட்டது.

இந்தியாவில் அரசு நிறுவனமான விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணைய இணைப்பைத் திறந்துவிட்டது 1995 ஆகஸ்ட் 15 அன்று. ஆனால் பெரும்பாலான தமிழ் ஊர்களில் இணையத்தைப் பார்த்தவர்கள் சில ஆண்டுகள் கழித்து, பிளைவுட் தடுப்பு வைத்த பிரவுசிங் சென்டர்களில்தான் பார்த்தார்கள். மணிக்கு இவ்வளவு என்று காசு. பக்கம் மேலிருந்து கீழாக, படம் பட்டை பட்டையாக இறங்கும். அங்கே நாம் செய்த வேலையெல்லாம் படிப்பதும் பிரிண்ட் எடுப்பதும்தான். ஒரே விதிவிலக்கு மின்னஞ்சல். சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் 1996 ஜூலை 4 அன்று தொடங்கிய ஹாட்மெயில்தான், ‘லாகின்’ என்ற சொல்லை நம் நாக்கில் ஏற்றிவிட்டது என்று நினைக்கிறேன். ஒரே முகவரியைத் திறந்தாலும் எனக்கு என் கடிதங்கள், பக்கத்துத் தடுப்பில் இருப்பவருக்கு அவருடைய கடிதங்கள். அன்று அதை யாரும் செயலி என்று சொல்லவில்லை. மறக்காமல் லாக்-அவுட் செய்துவிட்டுப் போகச் சொன்னதோடு சரி.

ரயில் கதையில் இந்த மாற்றம் இன்னும் துலக்கமாகத் தெரியும். ரயில்வேயின் முன்பதிவுக் கணினிகள் இணையத்துக்கு மூத்தவை. 1980களிலேயே வந்துவிட்டன; டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் என்று ஐந்து மையங்களாக இயங்கியவை 1999இல் ஒன்றாகப் பிணைக்கப்பட்டன. ஆனால் அந்தக் கணினியின் விசைப்பலகை கவுன்டருக்கு அந்தப் பக்கம் இருந்தது. இந்தப் பக்கம் இருந்த நமக்குப் படிவமும் வரிசையும்தான். எட்டு மணிக்குத் திறக்கும் கவுன்டருக்கு விடியுமுன்பே போய் நிற்பவர்கள் உண்டு. செருப்பையோ பையையோ இடம் பிடிக்க வைத்துவிட்டு டீ குடிக்கப் போகிறவர்களும் உண்டு. 2000க்குப் பிறகு ரயில்வேயின் தளத்தில் வண்டி நேரமும், இடம் இருக்கிறதா என்பதும், பிஎன்ஆர் நிலையும் தெரியத் தொடங்கின. பெரிய வசதிதான். பதினான்கு இடம் காலி என்று திரை சொல்லும். அதில் ஒன்றை எடுக்க மறுபடி கவுன்டருக்குத்தான் போக வேண்டும். போவதற்குள் பதினான்கும் தீர்ந்திருக்கும். தளம் எதையும் தரவில்லை, தகவலைத்தான் தந்தது.

2002 ஆகஸ்டில் ரயில்வேயின் துணை நிறுவனமான ஐஆர்சிடிசியின் தளத்தில் டிக்கெட் எடுக்கலாம் என்றானபோதும் கதை ஒரேயடியாக மாறிவிடவில்லை. இணையத்தில் பணம் கட்டினால், அட்டை டிக்கெட்டை அச்சடித்துக் கூரியரில் வீட்டுக்கு அனுப்புவார்கள். அது வந்து சேர்வதற்கு நாள் விட்டுத்தான் பதிவு செய்ய முடியும். வாங்க வீட்டில் ஆளும் இருக்க வேண்டும். பாதி உடம்பு செயலி, பாதி உடம்பு தபால். 2005இல் இ-டிக்கெட் வந்து, நாமே அச்சடித்துக்கொள்ளலாம் என்றான பிறகுதான் வேலை முழுதும் திரையிலேயே முடிந்தது. பிறகு குறுஞ்செய்தியே போதும் என்றானது. இப்போது பரிசோதகர் கையிலும் காகிதத்துக்குப் பதிலாக டேப்லெட்.

கவுன்டரின் விசைப்பலகையை நம் பக்கம் திருப்பி வைத்தது சிறிய காரியம் அல்ல. முதலில், மறக்கும் சர்வருக்கு நினைவு வேண்டும். வண்டியைத் தேர்ந்தெடுத்தவரும் அடுத்த பக்கத்தில் பயணியின் பெயரைத் தட்டச்சு செய்பவரும் ஒரே ஆள்தான் என்று அதற்குத் தெரிய வேண்டும். இந்தச் சிக்கலுக்கு நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மொண்டுல்லி 1994இலேயே ஒரு வழி கண்டிருந்தார். கோயில் வாசலில் நம் செருப்பை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுப்பதுபோல, சர்வர் ஒரு சிறு அடையாளத் துணுக்கை நம் பிரவுசரிடம் கொடுத்து வைக்கும். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் பிரவுசர் அதைக் காட்டும். அதுதான் குக்கி. இணையக் கடையின் கூடைக்காகப் பிறந்தது, பின்னாளில் நம்மைத் தளம் தளமாகப் பின்தொடரும் விளம்பரக்காரர்களுக்கும் பயன்பட்டது. ‘செஷன் முடிந்துவிட்டது, மறுபடி லாகின் செய்யுங்கள்’ என்று, கடைசி நேர முன்பதிவான தட்கல் நேரத்தில் வந்து வயிற்றெரிச்சலைக் கிளப்பும் செய்திக்கும் இதுவே அடி. அந்த அடையாளத்துக்கு ஆயுள் உண்டு. பிரவுசிங் சென்டரில் ஒருவர் எழுந்துபோன நாற்காலியில் அடுத்தவர் உட்கார்வார் என்பதால் ஆயுளைக் குறைவாக வைப்பதில் நியாயமும் உண்டு.

அடுத்தது, கடைசிப் படுக்கைச் சிக்கல். ஒரே இடத்தை ஒரே நொடியில் நூறு பேர் கேட்டால் ஒருவருக்குக் கொடுத்துவிட்டு மற்ற தொண்ணூற்றொன்பது பேரிடம் இல்லை என்று சொல்ல வேண்டும். தவறியும் இருவருக்குக் கொடுத்துவிடக் கூடாது. தரவுத்தளம் அந்த ஒரு வரியைப் பூட்டிவிட்டு, ஒரு வேலையை முழுதாக முடித்த பிறகே அடுத்தவருக்குத் திறக்கும். எப்போது பூட்டுவது என்பதில் ஆளுக்கொரு முறை. சினிமா டிக்கெட் தளங்கள் நாம் இருக்கையைத் தேர்ந்ததும் சில நிமிடங்களுக்கு அதை நமக்காகப் பிடித்து வைக்கின்றன. ஐஆர்சிடிசியில் பணம் வந்த பிறகே இடம் ஒதுக்கப்படுகிறது. அதனால்தான் ‘இருக்கிறது’ என்று பார்த்துத் தொடங்கிய டிக்கெட், பணம் கட்டி முடிக்கும்போது காத்திருப்புப் பட்டியலில் போய் விழுகிறது. திட்டுகிறோம்; ஆனால் பிடித்து வைக்கும் முறையைத் தட்கலுக்குக் கொண்டுவந்தால், வாங்கும் எண்ணமே இல்லாதவர்கள் இடங்களை முடக்கிவிட முடியும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

இப்போது பேக் பட்டனுக்கு வரலாம். பிரவுசர் சர்வரிடம் பேசும் முறைகளில் இரண்டு முக்கியம். ‘இந்தப் பக்கத்தைக் கொடு’ என்பது ஒன்று. அதற்கு கெட் என்று பெயர். ‘இதை வாங்கி எழுதிக்கொள்’ என்பது இன்னொன்று, அது போஸ்ட். கெட் எத்தனை முறை நடந்தாலும் கேடில்லை. போஸ்ட் இரண்டு முறை நடந்தால் பணம் இரண்டு முறை போகலாம். இதைத் தடுக்க ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தனி எண் கொடுத்து, அதே எண் மறுபடி வந்தால் நிராகரிக்கும் ஏற்பாடுகள் இருக்கின்றன. ஆனாலும் டிக்கெட் தளம், இடையில் இருக்கும் பணப்பட்டுவாடா நிறுவனம், வங்கி என்று மூன்று இடங்கள் ஒத்துப்போக வேண்டிய வேலை அது. நடுவில் ஓர் இழை அறுந்தாலும் கணக்கிலிருந்து பணம் போயிருக்கும், டிக்கெட் வந்திருக்காது. பணம் நாள் கழித்துத் திரும்பும். தீபாவளி டிக்கெட் திரும்பாது.

இரண்டின் சுபாவமும் எவ்வளவு வேறு என்பதை 2005 மே மாதம் நடந்த ஒரு கூத்து காட்டிக்கொடுத்தது. கூகுள் நிறுவனம் வெப் ஆக்ஸிலரேட்டர் என்ற கருவியை வெளியிட்டது. நீங்கள் ஒரு பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போதே, அதில் உள்ள இணைப்புகளை எல்லாம் அது முன்கூட்டியே திறந்து பார்த்து வைத்துக்கொள்ளும். நீங்கள் சொடுக்கியதும் பக்கம் சட்டென்று வரும். படிக்கும் தளங்களுக்கு அருமையான யோசனை. ஆனால் பேஸ்கேம்ப் போன்ற செயலிகளில் ‘அழி’ என்பதும் ஓர் இணைப்பாகத்தான் இருந்தது. கருவி விசுவாசமாக அதையும் திறந்து பார்த்தது. பயனாளர்களின் பதிவுகள் அவர்கள் அறியாமலே அழிந்தன. தவறு யாருடையது என்று இரு தரப்பிலும் சூடாகப் பேசினார்கள். என் கணிப்பில், அழிக்கும் வேலையைக் கெட் வழியாக வைத்தவர்கள்தான் முதல் குற்றவாளிகள்.

இதன் தொடர்ச்சிதான் கேப்சா தொல்லையும். தகவல் தளத்துக்குத் தேடுபொறியின் ரோபோ வந்தால் விருந்தாளி. அது வந்து படித்தால்தான் தளம் தேடலில் அகப்படும். டிக்கெட் செயலிக்குள் ரோபோ வந்தால் திருடன். மனிதர் பெயரைத் தட்டச்சு செய்து முடிக்கும் முன் மென்பொருள் பத்து டிக்கெட்டை எடுத்துவிடும். அதனால் கோணல்மாணல் எழுத்தைப் படித்துச் சொல் என்கிறார்கள். 2025 ஜூலை முதல் இணையத் தட்கலுக்கு ஆதார் சரிபார்ப்பும் கட்டாயமாகிவிட்டது. பெர்னர்ஸ் லீயின் சர்வர் யாரையும் பெயர் கேட்கவில்லை என்பதிலிருந்து இங்கே வந்து சேர்ந்திருக்கிறோம். இன்னொரு வேடிக்கை: ஐஆர்சிடிசி முன்பதிவு இரவு 11.45 முதல் 12.20 வரை மூடியிருக்கும். காகிதச் சுவரொட்டிக்கு விடுமுறை கிடையாது. கணக்கு முடிக்கிற இடத்துக்கு உண்டு.

பக்கம் முழுவதும் மறுபடி ஏறாமலே அதன் ஒரு மூலை மட்டும் மாறும் வித்தை வந்தபோது, செயலிகள் கணினியில் நிறுவிய மென்பொருளோடு போட்டி போடத் தொடங்கின. மைக்ரோசாஃப்ட் 1999இல் தன் மின்னஞ்சலுக்காகப் பிரவுசருக்குள் வைத்த ஒரு சிறு வசதி அது. 2004 ஏப்ரல் 1 அன்று ஜிமெயில் வந்தது. ஹாட்மெயில் 2 மெகாபைட் இடம் தந்துகொண்டிருந்தபோது 1 கிகாபைட் என்றதால், தேதியைப் பார்த்துப் பலர் ஏப்ரல் ஃபூல் என்று நினைத்தார்கள். அடுத்த பிப்ரவரியில் வந்த கூகுள் வரைபடத்தைக் கையால் இழுத்தால் அப்படியே நகர்ந்தது. அதற்கு முன் வரைபடத் தளத்தில் அம்புக்குறியை அழுத்திவிட்டு முழுப் பக்கமும் மறுபடி இறங்கக் காத்திருந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

தமிழைப் பொறுத்தவரை இந்த வேறுபாடு எழுத்துருவில் வந்து முட்டியது. 1995 அக்டோபரில் சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகளை வலையில் ஏற்றியபோது அதில் தமிழும் இருந்தது; அதன் பின்னணியில் எழுத்தாளர் நா. கோவிந்தசாமியின் உழைப்பு உண்டு. அடுத்தடுத்து வந்த தமிழ்த் தளங்கள் ஒவ்வொன்றும் ஒரு தனி எழுத்துருவை இறக்கிக்கொள்ளச் சொல்லின. ஆங்கில எழுத்துக்குரிய இடத்தில் தமிழ் வடிவத்தைப் பொருத்திய ஏமாற்றுதான் அது. கண்ணுக்கு ‘அ’ என்று தெரியும். கணினிக்கு அது ஏதோ ஒரு ஆங்கில எழுத்து. படிப்பதற்கு இந்த ஏமாற்று போதுமானது. அதனால் இணையதளக் காலத்தில் தமிழ் செழித்தே இருந்தது. ஆனால் செயலி எழுத்தைப் பார்ப்பதில்லை. ஒப்பிடுகிறது, அகரவரிசைப்படுத்துகிறது, தேடுகிறது. ஒரு படிவத்தில் ‘முருகன்’ என்று எழுதியதும் இன்னொரு பட்டியலில் இருக்கும் ‘முருகன்’ என்பதும் ஒன்றுதானா என்று அதற்குத் தெரிய வேண்டும். தனித்தனி எழுத்துருக்களால் அது ஆகாது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாடு தமிழ்99 விசைப்பலகையையும் டாம், டாப் குறியீடுகளையும் தந்தது. எல்லா மொழிகளுக்கும் பொதுவான குறியீடான யூனிகோடைத் தமிழக அரசு ஏற்று ஆணையிட்டது 2010இல். அரசுச் சேவைகள் தமிழில் செயலிகளாக மாற முடிந்ததற்கு இந்த ஒற்றை முடிவு எவ்வளவு அடிப்படை என்பது அதிகம் பேசப்படுவதில்லை. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா முதலிலிருந்தே யூனிகோடில் நின்றது. அது வாசிப்பவருக்கு இணையதளம், திருத்துபவருக்குச் செயலி. ஒரே பக்கத்தில் இரண்டும்.

இன்று தராசு மறுபக்கம் சாய்ந்துவிட்டது என்பது என் குறை. ஒரு சுற்றறிக்கையைப் படிக்கக்கூடக் கைபேசி எண், ஓடிபி, ‘எங்கள் ஆப்பை இறக்குங்கள்’ என்ற மறிப்பு. உள்ளடக்கத்தை நேராக அனுப்பாமல், வெறும் கூட்டை அனுப்பிவிட்டு, ஜாவாஸ்கிரிப்ட் வந்து சேர்ந்த பிறகு பிரவுசருக்குள் பக்கத்தைக் கட்டி எழுப்பும் பாணி பரவிவிட்டது. ஜிமெயிலுக்கு அது தேவை. நாலு பத்தி அறிவிப்புக்கு எதற்கு? சிக்னல் மெலிந்த இடத்தில் நிற்பவருக்குக் கிடைப்பது சுழலும் வட்டம் மட்டுமே. செர்ன் தன் முதல் தளத்தை 2013இல் பழைய முகவரியிலேயே மீட்டு வைத்தது. 1990களின் தொடக்கத்தில் எழுதிய அந்தப் பக்கங்கள் இன்றைய கைபேசியிலும் கண்ணிமைக்கும் நேரத்தில் திறக்கின்றன. பழைய இணையதளங்களை இன்டர்நெட் ஆர்க்கைவ் 1996 முதல் சேகரித்து வருகிறது, போய்ப் பார்க்கலாம். பழைய செயலிகளை அப்படிப் பார்க்க முடியாது. 2002ஆம் ஆண்டு ஐஆர்சிடிசியின் முகப்பு கிடைத்தாலும், அதில் டிக்கெட் எடுத்துப் பார்க்க முடியாதே. பின்னால் இருந்த கணக்குப்புத்தகம் வேறு நாளுக்குப் போய்விட்டது.

இந்த வேறுபாட்டை அறிந்துகொள்வதில் காசு விஷயமும் இருக்கிறது. கல்யாண மண்டபம் வைத்திருக்கும் ஒருவர் ‘ஒரு வெப்சைட் போட்டுக் கொடுங்கள்’ என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். படங்கள், எத்தனை பேர் உட்காரலாம், பந்தி எத்தனை, அறைகள் எத்தனை, வாடகை, வழி, போன் நம்பர். இது இணையதளம், ஒரு முறை செய்தால் ஆண்டுக்கணக்கில் கிடக்கும், செலவும் குறைவு. ‘முகூர்த்தத் தேதியை ஆன்லைனிலேயே புக் பண்ணணும், அட்வான்ஸும் அதிலேயே கட்டணும்’ என்ற வாக்கியத்தை அவர் சேர்த்த நொடியில் அது செயலியாகிவிடுகிறது. ஆவணி மாத வளர்பிறை முகூர்த்தம் ஒன்றுக்கு இரண்டு குடும்பம் ஒரே நேரத்தில் பணம் கட்டினால் யாருக்கு மண்டபம்? ரத்தானால் பணம் எப்படித் திரும்பும்? வாடிக்கையாளர்களின் பெயரும் எண்ணும் வெளியே கசிந்தால், 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி பொறுப்பு யாருக்கு? தரவு தினமும் நகலெடுக்கப்படுகிறதா? செய்து கொடுத்த இளைஞர் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டால் பழுது பார்ப்பது யார்? இதற்கெல்லாம் பதில் இருந்தால் தாராளமாகச் செய்யலாம். இல்லாவிட்டால் எந்தெந்தத் தேதி போய்விட்டது என்று மட்டும் காட்டும் ஒரு நாட்காட்டியைத் தளத்தில் போட்டு, மேனேஜரைத் தினமும் காலையில் அதைத் திருத்தச் சொல்லிவிட்டு, அட்வான்ஸை டைரியில் எழுதி நேரில் வாங்கிக்கொள்வதே மேல்.